குரங்கின் தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை

வியன்னாப் பல்கலைக்கழகத்தின் டெகும்சே ஃபிட்ச்சும் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஆசிஃப் கசன்ஃபரும் இன்னும் சிலரும் சேர்ந்து 2016இல் ஒரு குரங்கைப் பேச வைத்தார்கள். நேரில் அல்ல, கணினியில். எமிலியானோ என்று பெயரிட்ட ஒரு மக்காக் குரங்கு கத்தும்போதும், தின்னும்போதும், கொட்டாவி விடும்போதும், உதட்டைப் படபடவென்று அடித்துக் காட்டும்போதும் எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். நாக்கும் தாடையும் உதடும் தொண்டையும் எந்தெந்த வடிவங்களுக்குப் போய்வருகின்றன என்பதை ஒவ்வொரு படமாகக் கோடு வரைந்து எடுத்தார்கள். அந்த வடிவங்களின் வழியே ஒலி போனால் என்ன கேட்கும் என்று கணக்கிட்டார்கள். கடைசியில் ஸ்பீக்கரில் ஓர் ஆங்கில வாக்கியம் வந்தது: “என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா?” கரகரப்பாக, கேட்கக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். ஆனால் தெளிவாகப் புரிகிறது.

விலங்குகள் ஏன் நம்மைப்போலப் பேசுவதில்லை என்று யாரைக் கேட்டாலும், அதற்கேற்ற வாயும் தொண்டையும் அவற்றுக்கு இல்லை என்ற பதில்தான் சட்டென்று வரும். எமிலியானோ அந்தப் பதிலைத்தான் காலி செய்தது. குரங்கின் வாய் பேச்சுக்குத் தயாராகத்தான் இருக்கிறது. பேச ஆள்தான் இல்லை.

பழைய பதிலும் யாரோ போகிறபோக்கில் சொன்னதல்ல. 1969இல் பிலிப் லீபர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், குரங்கின் வாய் அமைப்பை வைத்துக் கணக்குப் போட்டு, அதனால் மிகச் சில உயிரொலிகளையே எழுப்ப முடியும் என்றார். மனிதனுக்கு மட்டும் குரல்வளை கழுத்தில் கீழே இறங்கியிருப்பதால் நாக்குக்குப் பின்னால் பெரிய இடம் கிடைக்கிறது, அந்த இடம்தான் பேச்சைச் சாத்தியமாக்கியது என்பது அவர் வாதம். கைக்குழந்தைக்கும் பெரும்பாலான பாலூட்டிகளுக்கும் குரல்வளை மேலே, மூக்கின் பின்புறத்தை ஒட்டியே இருக்கும். அதனால்தான் குழந்தையால் பால் குடித்துக்கொண்டே மூச்சு விட முடிகிறது. வளர வளர நமக்கு அது கீழே இறங்கிவிடுகிறது. அப்புறம் சோறும் காற்றும் ஒரே சந்தியைக் கடந்து போக வேண்டும். புரை ஏறும்போது யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிக்கொள்கிறோமே, அதற்குக் காரணம் இந்த இறக்கம்தான். பேசக் கற்றதற்கு நாம் கொடுத்த விலை இது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள்.

கேட்க அழகான கதை. ஆனால் இறங்கிய குரல்வளை நமக்கு மட்டும் உரியதல்ல என்று பிறகு தெரியவந்தது. ஐரோப்பியச் செம்மான் கிடாவுக்கும் ஆஸ்திரேலியாவின் கோவாலாவுக்கும் குரல்வளை கீழேதான் இருக்கிறது. குரலைக் கனமாக்கி உருவத்தைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள அது உதவுகிறது. அந்த மான் இதுவரை ஒரு வாக்கியமும் பேசியதில்லை. நாயும் ஆடும் பன்றியும்கூடக் கத்துகிற நேரத்தில் குரல்வளையைத் தாழ்த்திக்கொள்வதை எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறார்கள். லீபர்மன் தரப்பு தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, எமிலியானோவால் ‘ஈ’ போன்ற ஒலியைத் துல்லியமாக எழுப்ப முடியாது என்றது. சரி, முடியாமலே போகட்டும். மூன்றே உயிரொலிகளை வைத்துக்கொண்டு குறையில்லாமல் நடக்கும் மனித மொழிகள் உண்டு. குரங்கிடம் அதைவிட அதிகமாகவே இருக்கின்றன.

2022இல் ஜப்பானிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. 43 வகைக் குரங்கினங்களின் குரல்வளைகளை ஆராய்ந்ததில், மனிதனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் குரல்நாணின் ஓரத்தில் நாடாபோல ஒரு மெல்லிய சவ்வு இருந்தது. சிம்பன்சியின் கத்தல் திடீரென்று உச்சத்துக்குப் போய் உடைவது இதனால்தான். நமக்கு அந்தச் சவ்வு கிடையாது. ஆகவே நம் குரல் நிலையாக நிற்கிறது. தொண்டையைப் பொறுத்தவரை, பேச்சுக்காக நமக்குப் புதிதாக ஒன்று முளைத்தது என்பதைவிட, இருந்தது ஒன்று கழிந்துபோனது என்பதே சரி.

அப்படியென்றால் தடை எங்கே? மூளையில்தான். டார்வினே 1871இல், வாலில்லாக் குரங்குகள் குரல் உறுப்பைப் பேச்சுக்குப் பயன்படுத்தாததற்குக் காரணம் அறிவு வளர்ச்சி போதாமையே என்று ஊகித்திருந்தார். வீணை இருக்கிறது, வாசிக்கும் கை இல்லை என்பதுதான் நிலைமை. ஆனால் ‘அறிவு போதாது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எந்த அறிவு, மூளையின் எந்தப் பாதை என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

பாலூட்டிகளின் மூளையில் குரலுக்கென்று ஒரு பழைய பாதை உண்டு. உணர்ச்சிகளோடு தொடர்புள்ள பகுதிகளில் தொடங்கி, நடுமூளை வழியாக, மூளைத்தண்டுக்குப் போய் அங்கிருந்து தொண்டைக்கு இறங்குகிறது. பயம் வந்தால் ஒரு கத்தல், தீனியைப் பார்த்தால் ஒரு கத்தல். குரங்கின் நடுமூளையில் மின்தூண்டல் கொடுத்தால் அது எப்போதும் கத்துகிற அதே கத்தலைக் கத்துகிறது. நம்மிடமும் இந்தப் பாதை அப்படியே இருக்கிறது. அழுகையும் சிரிப்பும் வலியில் எழும் அலறலும் இந்த வழியாக வருபவைதான். பக்கவாதத்தில் பேச்சை முழுக்க இழந்தவர்கள் வாய்விட்டு அழுவதும் சிரிப்பதும் அதனால்தான். புதிய பாதை அடைபட்டாலும் பழையது திறந்திருக்கிறது.

அந்தப் புதிய பாதை என்பது, மூளையின் மேற்புறணியிலிருந்து குரல்வளைத் தசைகளை இயக்கும் நரம்புச் செல்களுக்கு நேராக இறங்கும் இணைப்பு. நினைத்த மாத்திரத்தில், எந்த உணர்ச்சியும் இல்லாமல், ‘க’ என்றோ ‘ங’ என்றோ நம்மால் சொல்ல முடிவது இதனால்தான். சாதாரணமாகப் பேசும்போது ஒரு நொடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகள் நம் வாயிலிருந்து வருகின்றன. அதற்கேற்ப நாக்கும் உதடும் குரல்நாணும் மூச்சும் ஒன்றோடொன்று கால் இடறாமல் போக வேண்டும். குரங்குகளிடம் இந்த நேரடி இணைப்பு இல்லை, அல்லது பெயருக்குத்தான் இருக்கிறது.

தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் கண்ட ஒரு காட்சி இதை எந்த வரைபடத்தையும்விட நன்றாக விளக்கும். ஃபிகன் என்ற இளம் சிம்பன்சிக்கு வாழைப்பழம் கிடைத்தது. முதல் தடவை சந்தோஷத்தில் கத்தியது. சத்தம் கேட்டு வந்த பெரிய ஆண்கள் பழத்தைப் பிடுங்கிக்கொண்டன. அடுத்த தடவை கிடைத்தபோது சத்தத்தை அடக்கிவிட்டது. ஆனாலும் தொண்டைக்குள் அந்தக் கத்தல் மூச்சு முட்டியபடி லேசாகக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, அறிவில் குறைச்சல் இல்லை. குரல்தான் சொன்னபடி கேட்கவில்லை.

இதன் மறுபக்கத்தை விக்கி என்ற சிம்பன்சியிடம் பார்க்கலாம். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் கீத் ஹேஸ், கேத்தி ஹேஸ் தம்பதி அதைத் தங்கள் பிள்ளைபோல வீட்டில் வளர்த்தார்கள். உதட்டை விரலால் பிடித்துப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பின் ‘மாமா’, ‘பாபா’, ‘கப்’ என்று மூன்று நான்கு சொற்கள்தான் வந்தன, அதுவும் காற்றோடு கலந்த கிசுகிசுப்பாக. அதே காலத்தில் அது சொன்னதைப் புரிந்துகொண்டது, புகைப்படங்களை வகைவகையாகப் பிரித்துவைத்தது.

பிறவியிலேயே வரும் குரலுக்கும் கற்றுக்கொள்ளும் குரலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. காக்கைக் கூட்டில் பொரித்து, காக்கை ஊட்டிய இரையைத் தின்று, காலையிலிருந்து இரவுவரை காக்கை கரைவதையே கேட்டு வளரும் குயில், பருவம் வந்ததும் கூவுகிறதே தவிரக் கரைவதில்லை. அதன் பாட்டு ரத்தத்தில் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரும்பாலான விலங்குகள் இந்தக் குயிலின் கட்சிதான். ஊமையாக்கப்பட்ட தாயிடம் வளர்ந்த அணில்குரங்குக் குட்டிகள்கூடத் தங்கள் இனத்தின் கத்தல்களை இயல்பாகவே கத்தின.

கேட்டுக் கற்று, அதையே தன் குரலில் திருப்பிச் சொல்லும் திறமை விரல்விட்டு எண்ணக்கூடிய சில கூட்டங்களுக்கே வாய்த்திருக்கிறது. பாடும் பறவைகள், கிளிகள், தேன்சிட்டுபோலப் பூவில் தேன் குடிக்கும் அமெரிக்க ஹம்மிங்பறவைகள், திமிங்கலங்களும் ஓங்கில்களும் (டால்பின்கள்), சீல்கள், சில வௌவால்கள், யானைகள், அப்புறம் நாம். நமக்கு மிக நெருங்கிய சொந்தமான சிம்பன்சியும் கொரில்லாவும் இந்தப் பட்டியலில் சேருமளவுக்குத் தேறவில்லை என்பது இயற்கையின் குறும்பு. பாடும் பறவைகளின் மூளையிலும் கிளியின் மூளையிலும் குரலை நேரடியாக ஆளும் அந்தப் பாதை தனியாக உருவாகியிருக்கிறது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாகப் பாதிப் பேருக்குப் பேச்சில் கடுமையான சிக்கல் இருந்தது. 2001இல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து ஃபாக்ஸ்பி2 என்று பெயரிட்டார்கள். அதே மரபணுவின் வேலையை ஃபிஞ்ச் குருவிக் குஞ்சின் மூளையில் மட்டுப்படுத்தினால், அதுவும் தகப்பன் பாட்டை அரைகுறையாகத்தான் பிடிக்கிறது. ‘மொழி மரபணு’ என்று பத்திரிகைகள் இதைத் தூக்கிப் பிடித்தது மிகை. சுண்டெலிக்கும் அது இருக்கிறது. ஒலியை வரிசைப்படி இயக்கும் தசைப் பழக்கத்தில் அதற்குப் பங்கு இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பாலூட்டிகளில் என்னை அதிகம் வியக்கவைத்தது கோஷிக். தென்கொரியாவின் எவர்லாண்ட் பூங்காவில் இருக்கும் ஆசிய யானை. தும்பிக்கை நுனியை வாய்க்குள் விட்டு, உள்ளே அழுத்தி, வாயின் வடிவத்தையே மாற்றிக் கொரியச் சொற்களை உச்சரிக்கிறது. வணக்கம், உட்கார், இல்லை, படு, நல்லது என்ற பொருளுள்ள ஐந்து சொற்கள். யானையின் பிளிறலும் இல்லை, வயிற்றுக்குள்ளிருந்து வரும் உறுமலும் இல்லை, பாகனின் குரல் எந்தச் சுருதியில் இருக்கிறதோ அந்தச் சுருதி. ஆஞ்சலா ஸ்டோகர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கொரிய மொழிக்காரர்கள் 16 பேரிடம் பதிவைப் போட்டுக்காட்டி, கேட்டதை எழுதச் சொன்னார்கள். உயிரொலிகளைப் பெரும்பாலும் சரியாக எழுதினார்கள், மெய்யொலிகளில் தடுமாறினார்கள். மேலுதடு மூக்கோடு சேர்ந்து தும்பிக்கையாக நீண்டுவிட்ட பிராணிக்கு ‘ப’வும் ‘ம’வும் எங்கிருந்து வரும்?

ஆனால் கோஷிக் ‘உட்கார்’ என்று சொல்லிவிட்டு எதிரில் நிற்பவர் உட்காரவேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. இளவயதில் பல ஆண்டுகள் அந்தப் பூங்காவில் வேறு யானையே இல்லை. சுற்றி இருந்தது மனிதர்கள் மட்டும். அவர்களோடு ஒட்டிக்கொள்ளக் குரலை ஒட்டவைத்துக்கொண்டது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பாஸ்டன் மீன்காட்சியகத்தில் 1985வரை இருந்த ஹூவர் என்ற சீலும் இதே ரகம். குட்டியாக இருந்தபோது ஒரு மீனவர் வீட்டில் வளர்ந்தது. வந்தவர்களைப் பார்த்து முரட்டு ஆண்குரலில் “ஏய், இங்கே வா” என்று அதட்டும். கூண்டுக்கிளியும் அப்படித்தான். காட்டில் கூட்டத்தோடு ஒலி பரிமாறி உறவை நிலைநிறுத்தும் பறவை, தனியாக அடைபட்டால் வீட்டுக்காரர்களையே கூட்டமாக நினைத்து அவர்கள் குரலைப் பிடித்துக்கொள்கிறது. (நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது கிளி ஜோசியக்காரருக்குத் தெரிந்த அளவு, பால்கனியில் கூண்டு தொங்கவிடும் பலருக்குத் தெரிவதில்லை.) பொருள் தெரிந்து பேசிய கிளி என்று அலெக்ஸைச் சொல்லலாம். ஐரீன் பெப்பர்பெர்க் 1977இலிருந்து 2007இல் அது இறக்கும்வரை பயிற்சி கொடுத்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. தட்டில் வைத்த சாமான்களைப் பார்த்து நிறம் என்ன, வடிவம் என்ன, எத்தனை என்று கேட்டால் பதில் சொன்னது. அதுவும் முப்பது வருட மெனக்கெடலுக்குப் பிறகு, சுமார் நூறு சொற்களோடு.

ஆக, வாய் இருப்பவை வேறு, விஷயம் இருப்பவை வேறு. விஷயம் இருப்பவை என்று சொன்னால் முதலில் வருவது கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகள். சிறுத்தையைக் கண்டால் ஒரு குரல், கழுகைக் கண்டால் ஒரு குரல், மலைப்பாம்பைக் கண்டால் ஒரு குரல். ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் புதருக்குள் ஸ்பீக்கரை ஒளித்துவைத்து, எந்த எதிரியும் இல்லாத நேரத்தில் அந்தக் குரல்களை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். 1980இல் முடிவுகள் வெளியாயின. சிறுத்தைக் குரலுக்குக் குரங்குகள் மரத்தில் ஏறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன, புதருக்குள் ஓடின. பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று புல்லுக்குள் தேடின. ‘குரங்குகளுக்குச் சொற்கள் உண்டு’ என்று அப்போது எழுதாத பத்திரிகை இல்லை.

அந்த உற்சாகத்துக்கு ஒரு கடிவாளம் 2019இல் விழுந்தது. வெர்வெட்டுகளின் உறவான பச்சைக் குரங்குகள் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் இருக்கின்றன. அவை கழுகுக்கென்று தனிக்குரல் கொடுத்ததாகப் பதிவே இல்லை. ஜூலியா ஃபிஷர் குழுவினர் அவற்றின் தலைக்கு மேலே ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். முன்பின் பார்த்திராத அந்தச் சாமானைக் கண்டதும் குரங்குகள் ஒரு குரல் எழுப்பின. அது கண்டத்தின் மறுகோடியில் வெர்வெட்டுகள் கழுகுக்குக் கொடுக்கும் குரலை அப்படியே ஒத்திருந்தது. அதாவது குரல் பிறப்பிலேயே சேமிப்பில் இருக்கிறது, ஆபத்தின் வகை அதை வெளியே இழுக்கிறது. ஆனால் அதைக் கேட்ட மற்ற குரங்குகள் கற்றுக்கொண்ட வேகம்தான் ஆச்சரியம். ட்ரோன் ஓசையை ஒன்றிரண்டு தடவை கேட்டதுமே, பிறகு வெறும் ஓசையை ஒலிபரப்பினாலும் வானத்தை அண்ணாந்து பார்த்து ஓட ஆரம்பித்தன.

சொல்வதில் பிறவிப் பட்டியலைத் தாண்ட முடியாத பிராணி, கேட்பதில் எதையும் புதிதாகக் கற்கிறது. விலங்குகளின் தகவல் பரிமாற்றம் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் நான் சொல்வேன். முதுமலையில் வழிகாட்டிகள் ஜீப்பை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்வது புலியின் குரலுக்காக அல்ல, புள்ளிமானின் கூவலுக்கும் மரத்து உச்சியில் மந்தியின் (லங்கூர் குரங்கின்) இருமலுக்கும். அந்த ரகசியம் மானுக்கும் மந்திக்கும் ஒன்றுக்கொன்று ஏற்கெனவே தெரியும். தென்னிந்தியக் காடுகளில் நாட்டுக்குரங்குகளுக்கு மந்தியின் எச்சரிக்கைக் குரலையும் கடமானின் எச்சரிக்கைக் குரலையும் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தபோது, தங்கள் இனத்தின் எச்சரிக்கைக்கு ஓடுவதுபோலவே ஓடின. சேசர் என்ற பார்டர் காலி நாய் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றிருந்தது, சொன்ன பொம்மையைக் குவியலிலிருந்து எடுத்துவரும். அது திருப்பிச் சொன்ன பெயர் ஒன்றுகூட இல்லை.

பிறத்தியார் காது இப்படித் திறந்திருப்பதை வைத்துப் பிழைக்கிற பறவையும் உண்டு. கலஹாரிப் பாலைவனத்தின் கரிச்சான், மீர்கேட் கீரிகளும் சிலம்பன்களும் எழுப்பும் அபாயக் குரலைப் பொய்யாக எழுப்பும். அவை கையிலிருந்த புழுவைப் போட்டுவிட்டு ஓடும், இது இறங்கி எடுத்துக்கொள்ளும். ஒரே பொய் திரும்பத் திரும்பச் செல்லுபடியாகாதபோது வேறு இனத்தின் குரலுக்கு மாறுவதை டாம் ஃபிளவர் பதிவு செய்திருக்கிறார். அதன் தினசரி உணவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இப்படித் திருடியது. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் உள்ள துடுப்புவால் கரிச்சானும் மற்றப் பறவைகளின் குரலைப் போலி செய்யும். அங்கே அது கலப்புக் கூட்டத்தின் காவல்காரன், உண்மையான ஆபத்தின்போதும் போலிக்குரல் கொடுக்கிறது.

குரல் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எறும்பு வாசனையால் தடம் போடுகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் நடனத் தவளைகள், ஓடைநீர் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் பின்னங்காலை நீட்டி விரல்சவ்வை விரித்துக் காட்டுகின்றன. இவற்றையெல்லாம் தாண்டி நிற்பது தேனீ. கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பற்றிச் சேதி சொல்கிற பிராணிகள் உலகத்தில் மிகக் குறைவு.

தேனீயின் ஆட்டத்துக்குப் பொருள் கண்ட கார்ல் ஃபான் ஃபிரிஷ் நோபல் பரிசு வாங்கியது 1973இல். இருட்டான கூட்டுக்குள், செங்குத்தாகத் தொங்கும் அடையின் மேல், உணவைக் கண்டுவந்த தேனீ வயிற்றை ஆட்டியபடி நேர்க்கோட்டில் ஓடும், சுற்றிவந்து மறுபடி ஓடும். அந்தக் கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, வெளியே சூரியன் இருக்கும் திசையிலிருந்து அவ்வளவு விலகிப் பறக்க வேண்டும். ஆட்டம் நீளும் நேரம் தூரத்தைச் சொல்லும், சுமாராக ஒரு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களின் நடுவில் இலங்கைக்கு வந்து நம் பக்கத்துத் தேனீக்களை ஆராய்ந்தார். கொம்புத்தேனீ திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டும். அடையின் தட்டையான மேற்பரப்பில் நின்று, பூ இருக்கும் திசையை நோக்கியே நேராக ஆடிக்காட்டும். கோணத்தை மாற்றிப் போடும் கணக்கு அதற்கு வேண்டியதில்லை. இருட்டில் கூடு கட்டும் தேனீக்களின் கணக்கு இந்த எளிய ஆட்டத்திலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க அது வழிவிட்டது.

தேனீ மொழியின் எல்லையையும் ஃபிரிஷே சோதித்தார். வானொலிக் கோபுரம் ஒன்றின் அடியில் கூட்டை வைத்து, உச்சியில் சர்க்கரைத் தண்ணீரை வைத்தார். மேலே கொண்டுபோய்க் காட்டப்பட்ட தேனீக்கள் திரும்பிவந்து உற்சாகமாக ஆடின. ஆட்டத்தைப் பார்த்த மற்றவை வெளியே போய்ச் சுற்றுவட்டாரத் தரையையெல்லாம் தேடின. கோபுரத்தின் உச்சிக்கு யாரும் வரவில்லை. ‘மேலே’ என்று சொல்ல அந்த ஆட்டத்தில் வழியே இல்லை. பூக்கள் தலைக்கு நேர் மேலே பூப்பதில்லையே. நமக்கு இப்படி ஒரு நிலை வந்தால், இருக்கிற சொற்களை ஒட்டவைத்துப் புதிதாக ஒன்றைச் செய்துவிடுவோம்.

ஒட்டவைக்கும் வித்தை மற்ற விலங்குகளிடம் அறவே இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். நம் பட்டாணிக்குருவியின் ஜப்பானிய உறவுக்காரப் பறவையிடம் தோஷிடாகா சுசுகி அதைக் கண்டார். ‘ஜாக்கிரதை, சுற்றிப் பார்’ என்பதற்கு ஒரு குரல், ‘பக்கத்தில் வா’ என்பதற்கு ஒரு குரல். இரண்டையும் இந்த வரிசையில் சேர்த்துக் கொடுத்தால் பறவைகள் சுற்றிப் பார்த்துக்கொண்டே நெருங்கிவருகின்றன, எதிரியைக் கூட்டமாக விரட்ட. வரிசையை மாற்றி ஒலிபரப்பினால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 2016இல் இது வெளியானது. வரிசைக்குப் பொருள் உண்டு என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் இரண்டோடு நிற்கிறது. இரண்டைச் சேர்த்து வந்ததை இன்னொன்றோடு சேர்த்து, அதையும் இன்னொன்றுக்குள் வைத்து, முடிவில்லாமல் நீட்டிக்கொண்டே போவது நாம்தான்.

வாயை விட்டுவிட்டுக் கையால் பேச வைத்தால்? 1960களிலிருந்து அமெரிக்காவில் இதற்குப் பெரிய போட்டியே நடந்தது. ஹெர்பர்ட் டெரஸ் வளர்த்த நிம் என்ற சிம்பன்சி நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளைக் கற்றது. வீடியோக்களைப் பொறுமையாக ஓட்டிப் பார்த்த டெரஸ், 1979இல் தன் ஆய்வையே தானே கவிழ்த்தார். நிம்மின் சைகைகளில் பெரும்பகுதி, எதிரில் இருந்த ஆசிரியர் சற்று முன் காட்டியவற்றின் எதிரொலி. அதன் மிக நீளமான ‘வாக்கியம்’ 16 சைகைகள்: கொடு, ஆரஞ்சு, எனக்கு, கொடு, தின்ன, ஆரஞ்சு, எனக்கு என்று அதே சொற்கள் சுற்றிச்சுற்றி வந்தன. குழந்தையின் வாக்கியம் நீளும்போது பொருளும் கூடும். நிம்முடையதில் பிடிவாதம் மட்டும் கூடியது.

சிம்பன்சியின் நெருங்கிய உறவான போனபோ இனத்துக் கான்சியின் கதை வேறு. குறியீட்டுப் பலகையைப் பயன்படுத்த அதன் வளர்ப்புத் தாய்க்குத்தான் பாடம் நடந்தது, தாய் தேறவில்லை. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குட்டி தானாகப் பிடித்துக்கொண்டது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், அது பேச்சு ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டது. சூ சாவேஜ்-ரம்பாவ் 660 புதிய கட்டளைகளை அதற்கும் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கும் கொடுத்துப் பார்த்தார். முகக்குறிப்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று முன்னேற்பாடும் செய்திருந்தார். கான்சி 72 சதவீதம் சரியாகச் செய்தது, குழந்தை 66. இங்கேயும் கேட்பதில் முதல் மார்க்குத்தான். சொன்னது என்னவென்று எண்ணினால், அநேகமாக எல்லாம் ‘இது வேண்டும், அது செய்’ வகைக் கோரிக்கைகள்.

நரம்புப் பாதைக்கு அடுத்த தடை இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை ஜன்னலுக்கு வெளியே விரல் நீட்டும். காக்கையைப் பிடித்துத் தரச் சொல்லி அல்ல, நீயும் பார் என்றுதான். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் செனியும் செய்ஃபார்த்தும் பபூன் குரங்குகளைக் கவனித்தார்கள். கூட்டத்திலிருந்து பிரிந்துபோன குட்டி கதறும். தாய்க்கு அது கேட்கிறது, குட்டியின் குரல் என்றும் தெரிகிறது. ஆனால் தானும் கூட்டத்தை விட்டு விலகியிருந்தால்தான் தாய் பதில் குரல் கொடுக்கிறது. ‘நாங்கள் இங்கே இருக்கிறோம்’ என்று குட்டிக்குத் தெரியாதே என்பது அதற்குத் தோன்றுவதில்லை. எல்லாக் குரங்கும் இப்படியே என்று முடிவு கட்டவும் முடியாது. உகாண்டாவின் புடோங்கோ காட்டில் பாதையில் பொம்மைப் பாம்பை வைத்துப் பார்த்தபோது, பாம்பைப் பார்த்திராத கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் சிம்பன்சிகள் கூடுதலாக எச்சரித்தன. தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தின் முனை அங்கே தென்படுகிறது.

இப்போது ஆய்வாளர்களின் கண் குரங்கைவிடத் திமிங்கலத்தின் மேலும் யானையின் மேலும் இருக்கிறது. காரணம் எளிது, இரண்டுமே குரலைக் கற்றுக்கொள்பவை. கரீபியக் கடலில் டொமினிக்கா தீவை ஒட்டி ஸ்பெர்ம் திமிங்கலங்கள் எழுப்பும் ‘டக்டக்’ ஒலித்தொகுதிகள் ஏறத்தாழ 9,000ஐக் கணினிக்குக் கொடுத்து அலசியதில், தாளம், வேகம், கடைசியில் ஒட்டும் கூடுதல் ‘டக்’ என்று பல அம்சங்கள் கலந்து புதிய சேர்க்கைகள் உண்டாவது 2024இல் தெரியவந்தது. எந்தச் சேர்க்கைக்கு என்ன பொருள் என்பதைக் கணினி சொல்லவில்லை. அதற்கு ஒலிபரப்பிவிட்டு அந்தப் பிராணி என்ன செய்கிறது என்று பார்க்கும் பழைய முறைதான் வேண்டும்.

யானைகளிடம் அதே ஆண்டு அதைச் செய்துபார்த்தார்கள். யானையின் உறுமலில் பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாத தாழ்சுருதியில் இருப்பதை 1980களில் கேட்டி பெய்ன் அமெரிக்க விலங்குக்காட்சி சாலையில் ஆசிய யானைகளிடம் கண்டறிந்திருந்தார். கென்யாவின் அம்போசெலியிலும் சம்புருவிலும் பதிவான 469 உறுமல்களைக் கணினிக்குக் கொடுத்தபோது, எந்த உறுமல் எந்த யானையை நோக்கியது என்பதைக் குருட்டாம்போக்கைவிடக் கணிசமாகக் கூடுதலான தடவை அது சரியாகச் சொன்னது. பிறகு 17 யானைகளுக்குப் பதிவுகளை ஒலிபரப்பினார்கள். தன்னை விளித்த உறுமலைக் கேட்ட யானை, வேறொருவரை விளித்ததைக் கேட்டதைவிட வேகமாக ஸ்பீக்கரை நோக்கி நடந்தது, சீக்கிரமாகப் பதில் குரலும் கொடுத்தது. அந்த உறுமலுக்குள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் இன்னும் பிரித்தெடுக்க முடியவில்லை.